பட்டாளத்துக்குப் போனவர் வீடு

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்களைத் தாண்டினால் புளியங்குடி வருகிறது. மேற்கே நீல மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்புகள். சந்தையில் குவிந்து கிடக்கும் பழத்தின் வாசனை சாலை வரையில் வந்து வழிப்போக்கரை வரவேற்கிறது. நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவையும் திருநெல்வேலி ஜில்லாவையும் சேர்ந்திருந்த இவ்வூர், 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தென்காசி தனி ஜில்லாவானபோது அதில் சேர்ந்தது. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எலுமிச்சையைப் பற்றியே எழுதுகிறார்கள். நாமோ இன்று அந்த ஊரின் சில வீடுகளில் மூலையில் கிடக்கும் ஒரு கறுப்புத் தகரப் பெட்டியைப் பற்றி எழுத எண்ணுகிறோம்.

அந்தப் பெட்டியை நேயர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளை வர்ணத்தில் ஒரு நம்பர், ஒரு பதவி, ஒரு பெயர் எழுதியிருக்கும். அதன் சொந்தக்காரர் பதினேழு பதினெட்டு வயதில் ரயிலேறிப் போய், பனியிலும் மணலிலும் பல வருஷங்கள் கழித்துவிட்டு, முப்பத்தைந்து நாற்பது வயதில் அதே பெட்டியுடன் வீடு திரும்பியவர். மற்ற உத்தியோகஸ்தர்கள் வாழ்க்கையில் காலூன்றும் வயதில் சிப்பாய்க்கு உத்தியோகமே முடிந்துவிடுகிறது. பெட்டிக்குள் பழைய கம்பளிச் சட்டை ஒன்று, பதக்கம் இருந்தால் பதக்கம், அப்புறம் ஒரு கட்டுக் காகிதம். இந்தக் காகிதக் கட்டில்தான் குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. அதை அவிழ்த்துப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். அவர் கண்ணை மூடிவிட்டால் அப்புறம் அதைப் படிப்பார் யார்?

வேலூர் ஜில்லாவில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம் உண்டு. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே அதற்குப் பெயர். அங்கே ஒரு சிப்பாயின் மனைவி விதவையானால், எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்பதை அடுத்த வீட்டு அம்மாள் சொல்லிக் கொடுத்துவிடுவாள்; அவள் அந்த வழியில் முன்பே நடந்தவள். புளியங்குடி அவ்விதம் பெயர் பெற்ற ஊர் அன்று. இங்கே பயிர்த்தொழிலும் பழ வியாபாரமும் உண்டு. இடையிடையே ஒரு தெருவில் ஒரு பட்டாளத்து வீடு. அக்கம்பக்கத்தாருக்குப் பழத்தின் விலை தெரியும்; பென்ஷன் சட்டம் தெரியாது. ஆகையால் நாம் கீழே சொல்லப் போவது முக்கியமாக இத்தகைய தனி வீடுகளுக்காக என்று கொள்ளலாம்.

யுத்தத்தில் மாண்டவனுடைய குடும்பத்தைக் காப்பாற்றுவது தமிழ் நாட்டுக்கு வெள்ளைக்காரர் கற்றுக் கொடுத்த தர்மமல்ல. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டியதோடு நம் முன்னோர்கள் நின்றுவிடவில்லை. அவன் சந்ததிக்கு நிலமும் விட்டார்கள். அந்த நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் சிந்தியதற்கு ஈடாகக் கொடுத்த பட்டி என்பது பொருள். கல்லில் வெட்டியிருந்தபடியால் அதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பெயரில் எழுத்துப் பிழை என்று ஒரு குமாஸ்தா அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது! புளியங்குடிக்கு வடக்கே உள்ள வாசுதேவநல்லூரில் பூலித்தேவரின் கோட்டை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினிப் படையை எதிர்த்து நின்ற பூமி இது. அந்தப் போர்களில் மாண்ட சாதாரண வீரர்களின் குடும்பங்கள் என்னவாயின என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைக்கவில்லை.

பிரிட்டிஷ் ராஜாங்கம் சிப்பாய்க்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது உண்மை. ஆனால் யாருக்குக் கொடுத்தது? முழுச் சேவை முடித்தவருக்கு. இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் இந்தியப் படையில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யுத்தத்துக்கென்று சேர்க்கப்பட்டவர்கள். பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் சண்டையிட்ட அவர்களை, 1945-க்குப் பிறகு கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பென்ஷன் இல்லை. சிப்பாயாக இருந்தவருக்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷச் சேவை வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. நாலைந்து வருஷம் துப்பாக்கி பிடித்தவருக்கு அது எங்ஙனம் பொருந்தும்? சுதந்திரம் வந்த பிறகு பல ராஜ்ய சர்க்கார்கள் இவர்களுக்கும் இவர்களுடைய விதவைகளுக்கும் மாதாந்தர உதவித் தொகை கொடுக்க முன்வந்தன. அதற்குள் பலர் போய்விட்டார்கள்.

இதே யுத்தத்தில் மறு பக்கம் நின்றவர்களின் கதை இன்னும் வேதனையானது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் அப்படையின் தலைவர்கள் மீது விசாரணை நடந்தபோது தேசமே கொந்தளித்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் அந்த வீரர்கள் மீண்டும் பட்டாளத்தில் சேர்த்துக் கொள்ளப்படவில்லை. அவர்களுக்கென்று ஒரு பென்ஷன் ஏற்பட, சுதந்திரத்தின் வெள்ளி விழா வர வேண்டியிருந்தது. 1972 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய தியாகிகள் பென்ஷன் திட்டத்தில் இவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 1980-ல் அத்திட்டம் விரிவாக்கப்பட்டுப் புதுப் பெயரும் பெற்றது. சேர்க்கப்பட்டார்களே தவிர, சிறையில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்கப்பட்டது. இரங்கூனில் அடைக்கப்பட்டவர் அதற்கான காகிதத்துக்கு எங்கே போவார்? இத்தகைய மனுக்களில், கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி ருஜுப்படுத்த வேண்டியதில்லை, நம்பத்தக்கதாக இருந்தால் போதும் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு குருதயாள் சிங் என்பவரின் வழக்கில் சொல்லிற்று. சொன்ன காலத்தில் அந்த வீரர்களில் வயது குறைந்தவருக்கே எழுபதுக்கு மேல் ஆகியிருந்தது.

நிற்க. பழைய கதையை விட்டு, இப்போது பெட்டியில் உள்ள காகிதங்களைப் பார்ப்போம்.

ஒரு சிப்பாய் பதினைந்து வருஷத்துக்கு மேல் சேவை செய்து பென்ஷனுடன் புளியங்குடிக்குத் திரும்பினார். அறுபத்தைந்து வயதில் மாரடைப்பால் காலமானார். மனைவி இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவளுக்குச் சேர வேண்டியது குடும்பப் பென்ஷன். சாதாரண விதத்தில் இது புருஷனுடைய கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு. சேவையின் காரணமாகவே மரணம் நேர்ந்திருந்தால் 60 பங்கு. போர்க்களத்தில் மாண்டிருந்தால் கடைசிச் சம்பளம் முழுவதுமே குடும்பத்துக்குக் கிடைக்கும். இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அநேகக் குடும்பங்கள் அறியா. சேவையில் இருக்கும்போது வியாதியால் இறந்தவருக்கு, அந்த வியாதி சேவையினால் வந்ததா இல்லையா என்ற ஒரு வரிக் குறிப்பு, அவர் மனைவியின் ஆயுள்கால வருமானத்தை இரண்டு மடங்காக்கவோ பாதியாக்கவோ வல்லது. அந்தக் குறிப்பை எதிர்த்து அப்பீல் செய்ய உரிமை உண்டு. இதற்கென்றே 2009 முதல் இராணுவத் தீர்ப்பாயமும் உண்டு. அதன் கிளை ஒன்று சென்னையில் இருக்கிறது.

குடும்பப் பென்ஷன் தடங்கலின்றி வர வேண்டுமானால் மனைவியின் பெயர் பென்ஷன் உத்தரவில் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பட்டாளத்தின் பாரங்களோ வடக்கத்திய முறைப்படி அமைந்தவை. 'உங்கள் குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்ட குமாஸ்தாவிடம் இளைஞன் திருதிருவென்று விழித்திருப்பான்; குமாஸ்தா தகப்பனார் பெயரை முன்னே போட்டு மகன் பெயரைப் பின்னே தள்ளியிருப்பார். மனைவி பெயர் மாரியம்மாள் என்றால் ஒரு புத்தகத்தில் 'மாரியம்மா', இன்னொன்றில் 'மாரி அம்மாள்', மூன்றாவதில் வெறும் 'எம். அம்மாள்'. ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, பாங்கிப் புத்தகம், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட புத்தகம் ஆகிய நான்கிலும் நான்கு மாரியம்மாள்கள் இருக்கிறார்கள். நான்கு பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு, புருஷனை இழந்து நிற்கும் அந்த ஒருத்தியின் தலையில் விழுகிறது.

திருத்த வேண்டிய இடமும் புளியங்குடியில் இல்லை. படையின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ஆவணக் காரியாலயம் இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவருக்கு அது குன்னூரை அடுத்த வெல்லிங்டன். மதராஸ் சாப்பர் படையில் இருந்தவருக்குப் பெங்களூர். இவை எப்படியோ தெற்கே இருக்கின்றன. பீரங்கிப் படைக்கு நாசிக். செய்தித் தொடர்புப் படைக்கு ஜபல்பூர். வைத்தியப் பிரிவுக்கு லக்னோ. பென்ஷன் உத்தரவு புறப்படும் இடம் அலகாபாத், அதாவது இன்றைய பிரயாக்ராஜ். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தாயார் ஒரு எழுத்துக்காக இந்தியாவின் பாதியைத் தபால் மூலம் சுற்றி வருகிறாள்.

இதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. அதைப் புருஷன் உயிருடன் இருக்கும்போதே செய்ய வேண்டும். பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று இன்றைக்கே பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பொருந்தாவிட்டால் ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அவரே விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளலாம். அவர் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. பிற்பாடு அவர் மனைவி அதே விஷயத்துக்காகப் பிரமாணப் பத்திரம், வாரிசுச் சான்று, தாசில்தார் சான்று என்று அலைய நேரும். 'சாவைப் பற்றி இப்போதே பேசுவானேன்?' என்று நம்மவர்கள் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். சண்டையில் சாவுக்கு அஞ்சாதவர் ஒரு பாரத்துக்கு அஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம்!

பிறந்த தேதி என்றோமே, அதுவும் வெறும் சம்பிரதாயமல்ல. பென்ஷன் வாங்குகிறவருக்கு எண்பது வயது நிறைந்தால் நூற்றுக்கு 20 பங்கு கூடும். எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50 என்று ஏறி, நூறு வயதில் பென்ஷன் இரட்டிப்பாகும். விதவைக்கும் இவ்விதமே. ஆனால் கிராமத்தில் பிறந்த பாட்டிமார்களுக்குப் பிறந்த வருஷம் ஏது? 'பெரிய புயல் அடித்த வருஷம்' என்பார்கள். உத்தரவில் மனைவியின் பிறந்த தேதி விடுபட்டிருந்தால் எண்பது தாண்டியும் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். கேட்டாலொழிய ஒருவரும் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

வேறு சில உரிமைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தாயும் தகப்பனும் போன பிறகு, விவாகமாகாத மகளுக்கோ விதவையாகி வீடு திரும்பிய மகளுக்கோ வருமான வரம்புக்கு உட்பட்டுக் குடும்பப் பென்ஷன் தொடரலாம். உடலாலோ மனத்தாலோ சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. பட்டாளத்திலிருந்து வந்து இன்னொரு சர்க்கார் உத்தியோகமும் பார்த்தவரின் மனைவி, முன்பெல்லாம் இரண்டில் ஒரு குடும்பப் பென்ஷனைத்தான் தேர்ந்துகொள்ளலாம். 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் பெறலாம் என்று ஏற்பட்டது. அந்தத் தேதிக்கு முன் விதவையானவர்களும் அன்றிலிருந்து இதற்கு உரியவர்களே.

பென்ஷன் கொடுக்கும் முறையும் மாறிவிட்டது. பாங்கிகள் மூலம் நடந்து வந்த காரியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற மின்வலைக்குப் போயிருக்கிறது. ஸ்பர்ஷம் என்றால் தொடுதல். கைப்பேசியைத் தொடத் தெரிந்தவர்களுக்கு அது சௌகரியந்தான்; மற்றவர்களுக்குப் பேரன் வீட்டில் இருக்கும் நாளே ஸ்பர்ஷம் கிட்டும் நாள். வருஷத்துக்கு ஒரு முறை உயிருடன் இருப்பதற்கு அத்தாட்சி கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்று போகும். நடக்க முடியாதவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்; 2020 நவம்பரில் தொடங்கிய ஏற்பாட்டின்படி தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகையைப் பதிந்துகொண்டு போவார். அதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு.

'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' என்ற கிளர்ச்சியை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் இருந்த இருவரில், முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைவாகவும் பின்னால் ஓய்வு பெற்றவருக்கு அதிகமாகவும் பென்ஷன் கிடைத்து வந்தது. பல வருஷங்களாக இதை எதிர்த்து மகஜர்கள் அனுப்பிச் சலித்த பழைய வீரர்கள், 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்துவிட்டார்கள். பதக்கங்களை அணிந்த முதியவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்த காட்சி தேசத்தைத் தலைகுனிய வைத்தது. அவ்வருஷம் நவம்பரில் உத்தரவு பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் அமுலாயிற்று. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பென்ஷனைச் சமப்படுத்த வேண்டும் என்பது திட்டம். ஒவ்வொரு வருஷமும் சமப்படுத்த வேண்டும் என்று வீரர்கள் தொடர்ந்த வழக்கில், 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சர்க்காரின் ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2014-க்குப் பின் தாமாகவே முன்கூட்டி விலகியவர்களுக்கு இதில் இடமில்லை. புளியங்குடியில் இருக்கும் ஒரு நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ இந்தப் போராட்டத்தால் கிடைத்தது மாதம் சில நூறோ சில ஆயிரமோ ரூபாய். அரிசிக் கடைக்காரர் அதைச் சிறிய தொகை என்று சொல்ல மாட்டார்.

வைத்திய வசதிக்கு 2003 ஏப்ரலில் ஏற்பட்ட பங்களிப்பு ஆரோக்கியத் திட்டம் இருக்கிறது. பென்ஷன் பெறுகிறவர் ஒரு தடவை பங்குத் தொகை கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் சிகிச்சை. 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் பங்குத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. திட்டம் நல்ல திட்டம்; வைத்தியசாலைதான் தூரம். திருநெல்வேலியில் அதற்கான மருத்துவ நிலையம் இருக்கிறது. மூட்டு வலிக்காரர் ஒருவர் மூட்டு வலிக்கு மருந்து வாங்க அத்தனை தூரம் பஸ்ஸில் போய் வந்தால், போன வலியும் திரும்பி வந்துவிடுகிறது. மலையடிவார ஊர்களுக்கு மாதம் ஒரு முறையாவது ஒரு வைத்தியரும் மருந்துப் பெட்டியும் வண்டியில் வந்தால் என்ன? இராணுவத்துக்கு நடமாடும் ஆஸ்பத்திரி புதிதல்லவே.

உத்தியோக விஷயத்தில் நம் மனம் முழுத் திருப்தி அடையவில்லை. 1986-ல் தமிழ்நாடு சர்க்கார் 'டெக்ஸ்கோ' என்னும் முன்னாள் படைவீரர் கழகத்தை ஏற்படுத்தியது. மின் நிலையங்களிலும் சர்க்கார் ஸ்தாபனங்களிலும் நீல உடையில் காவல் நிற்பவர்களில் பலர் அதன் மூலம் வேலை பெற்றவர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் இதனால் அடுப்பெரிகிறது. இருந்தாலும், கம்பியில்லாத் தந்திக் கருவியைக் கையாண்டவரும், பாலம் கட்டியவரும், பெரிய வண்டிகளைப் பழுது பார்த்தவரும் ஊருக்கு வந்தால் காவற்காரர் வேலைக்குத்தான் தகுதி என்று எண்ணுவது அறிவுடைமையாகுமா? முன்னாள் வீரர்கள் சுயமாகத் தொழில் தொடங்க, மூலதன மானியத்துடன் ஒரு கோடி ரூபாய் வரை கடன் பெற உதவும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' என்ற திட்டம் 2024 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்டது. எலுமிச்சை விலை சரியும் நாட்களில் பழத்தைச் சாலையோரம் கொட்டுகிற பிரதேசத்தில், அதைச் சாறாகவும் ஊறுகாயாகவும் மாற்ற ஒரு சிறு தொழிற்சாலை வைக்க ஒழுங்கும் உழைப்பும் உள்ளவர்கள் வேண்டும். பட்டாளத்துக்காரரிடம் இவ்விரண்டும் உண்டு.

இனிப் பென்ஷன் இல்லாதவர்களைப் பற்றி. இவர்களே நம் கவனத்துக்கு முதல் உரியவர்கள். டிசம்பர் 7-ந் தேதி பள்ளிக்கூடங்களில் சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமும் சேர்ந்த சிறு கொடியைக் கொடுத்து உண்டியல் குலுக்குகிறார்களே, அந்தக் கொடி நாள் 1949-ல் ஏற்பட்டது. மூன்று வர்ணமும் தரைப்படை, கடற்படை, விமானப் படைகளைக் குறிக்கும். அந்த நிதியிலிருந்து மத்திய சைனிக போர்டு, ஹவில்தார் பதவி வரையில் இருந்து பென்ஷன் இல்லாமல் விலகி, அறுபத்தைந்து வயது கடந்து, வேறு வருமானமற்ற முதியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாத உதவி தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் வரும் மனுக்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கான உதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ஆயிற்று. பெண்ணின் கலியாணத்துக்கான உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆயிற்று. விதவை மறுமணம் செய்துகொண்டாலும் இந்த உதவி உண்டு என்பதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். மேற்படிப்புக்குப் பிரதம மந்திரியின் உபகாரச் சம்பளம் வேறு இருக்கிறது. மனுக்கள் எல்லாம் ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவே போக வேண்டும். விடுவிப்புப் புத்தகம் இல்லாமல் அங்கே எதுவும் நடவாது. ஆகையால் அந்தப் புத்தகத்தைக் கறையானுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்த இராமநாதபுரம் ஜில்லா ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்கு இருபது லட்சம் ரூபாயும் ஒருவருக்கு உத்தியோகமும் உடனே அறிவிக்கப்பட்டன. அது செய்ய வேண்டியதே. ஆனால் பத்திரிகையில் பெயர் வராமல், வீட்டுத் திண்ணையில் இருமி இருமி இறந்து போகும் பழைய சிப்பாயின் மனைவிக்கு மாலையும் இல்லை, மந்திரியும் இல்லை. தபால் பெட்டியில் போட்ட மனு ஒன்றுதான் இருக்கிறது.

2022 ஜூனில் வந்த 'அக்னிபத்' திட்டத்தில் சேரும் இளைஞருக்குச் சேவை நான்கு வருஷம். நால்வரில் ஒருவர் நிரந்தரப் படையில் எடுத்துக் கொள்ளப்படுவார். மூவர் ஏறக்குறைய பதினோரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாயுடன் வீடு திரும்புவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் திட்டத்தில் வைக்கப்படவில்லை. ஆகவே மேலே நாம் சொன்ன ஆஸ்பத்திரியும் உதவித் தொகையும் அவர்களுக்கு இல்லை. போலீஸ் முதலிய உத்தியோகங்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்குவதாகப் பல சர்க்கார்கள் வாக்களித்திருக்கின்றன. 1946-ல் பர்மாவிலிருந்து கைத்தொகையுடன் திரும்பிய இளைஞர்களும் ஏறக்குறைய இத்தனை வருஷமே சேவை செய்திருந்தார்கள். 2022-ன் இறுதியில் பயிற்சிக்குச் சேர்ந்த முதற் கோஷ்டிக்கு நான்கு வருஷம் நிறைவதோ 2026-ன் இறுதியில். அவர்களுக்கும் அதே கறுப்புப் பெட்டி கொடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதற்குள் என்ன காகிதம் இருக்கிறது என்று தாய்மார்கள் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.